கோடு காட்டும் மேடு காலடியில் இல்லை: உறைந்த ஏரியில் கைபேசி வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

முதல்பனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உறைந்த ஏரியில் மீன்பிடிக்கத் தொடங்கி எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். சென்ற ஆண்டு முழுவதும் மற்றவர்கள் துளையிட்ட இடங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். இந்த ஆண்டு சொந்தமாக இடம் தேட வேண்டும் என்ற ஆசையில், ஏரிகளின் ஆழத்தைக் காட்டும் செயலி ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டேன்.

வரைபடத்தைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது ஏரியின் அடியில் ஒரு மேடு. சுற்றிலும் 30 அடி ஆழம். நடுவில் சம ஆழத்தைக் காட்டும் கோடுகள் வளையம் வளையமாக நெருங்கி, உச்சியில் 14 என்று எழுதியிருக்கிறது. கரையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர். மூன்று இரவுகள் அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். திரையில் நான் இருக்கும் நீலப் புள்ளி அந்த 14 என்ற எண்ணின்மேல் வந்து நிற்கும்வரை நடந்தேன். துளையிட்டு, ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கினால் 26 அடி. சற்றுத் தள்ளிப் பார்க்கலாம் என்று அந்தப் புள்ளியைச் சுற்றியே 11 துளைகள் போட்டேன். கிடைத்தவற்றில் மிகக் குறைந்த ஆழமே 22 அடிதான். ஒரு மீன்கூடத் தூண்டிலைத் தொடவில்லை.

இதற்கிடையே 48 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கைபேசி திடீரென்று அணைந்துவிட்டது. மாலையில் என் காலடித் தடங்களைப் பார்த்துத்தான் கரைக்குத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து இன்னொரு செயலியில் அதே ஏரியைப் பார்த்தால், அந்த மேடு வேறு வடிவத்தில், சற்று வடக்கே இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது இதுதான். தவறு வரைபடத்திலா, கைபேசியிலா, என்னிடமா? கட்டணம் செலுத்திப் பெறும் வரைபடம் இதைவிடத் துல்லியமாக இருக்குமா? இரண்டு செயலிகள் இரண்டு விதமாகச் சொன்னால் நீங்கள் எதை நம்புவீர்கள்? குளிரில் கைபேசியை எப்படி உயிரோடு வைத்திருக்கிறீர்கள்?

கரையோரம் எழுதியது:

முதலில் ஒரு கேள்வி. அந்த 600 மீட்டரையும் நடக்கும்போது வழியில் எத்தனை இடங்களில் பனிக்கட்டியின் தடிமனை அளந்தீர்கள்? உங்கள் பதிவில் நீரின் ஆழத்துக்கு 11 கணக்குகள் இருக்கின்றன, பனிக்கட்டிக்கு ஒன்றுகூட இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

கைபேசியைப் பொறுத்தவரை, அதை வெளிச்சட்டைப் பையில் வைக்காதீர்கள். உடம்போடு ஒட்டிய உள்சட்டைப் பையில் வைத்து, பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் எடுங்கள். ஐபோன் இயங்குவதற்கு ஏற்ற சூழல் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை என்று அதைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. நாம் நிற்பதோ அந்த எல்லைக்கு வெகு கீழே. குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகி, உள்தடை கூடி, மின்னழுத்தம் சட்டென்று இறங்கிவிடுகிறது. மின்சாரம் உள்ளேயேதான் இருக்கிறது, ஆனால் வெளியே வர முடியவில்லை. வீட்டுக்கு வந்து சூடானதும் மறுபடி நாற்பது சொச்சம் விழுக்காடு காட்டியிருக்குமே?

இன்னொன்று. உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன கைபேசியை அப்படியே மின்னேற்றம் செய்யாதீர்கள். லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். பவர் பேங்கையும் உள்சட்டைக்குள்ளேயே வையுங்கள். இரண்டும் உடல்சூட்டில் இருக்கும்போது இணையுங்கள்.

கடப்பாரை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்தபோது என்னுடைய மூன்றாவது குளிர்காலம் நினைவுக்கு வந்தது. இப்போது பதினெட்டாவது நடக்கிறது. தவறு வரைபடத்திலும் கைபேசியிலும் தேடிய முறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் அந்த அழகான வளையங்களை யாரும் ஏரிக்குள் இறங்கிப் பார்த்து வரையவில்லை. எங்கெங்கோ சில புள்ளிகளில் ஆழத்தை அளந்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே இருப்பதை ஊகித்துக் கோடு இழுத்தார்கள். முன்பு அதைக் கை செய்தது, இப்போது கணினி செய்கிறது. 1846 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளத்தில் ஒருவர் பனிக்கட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட துளைகள் இட்டு, ஒன்றரை பவுண்டு எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கி, குளம் முழுவதையும் அளந்தார். அடியே இல்லாத குளம் என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த அதன் மிகப் பெரிய ஆழம் 102 அடி என்று கண்டார். பிற்காலக் கருவிகளும் ஏறக்குறைய அதையேதான் காட்டின. ஏரியை அளக்க உறைபனிக் காலத்தைவிட நல்ல காலம் கிடையாது. படகு அசையாது, காற்று தள்ளாது, அளந்த இடத்திலேயே மறுபடி வந்து நிற்கலாம். ஈயக்குண்டும் நூலுமாக நீங்கள் அன்று செய்தது அதே வேலைதான். அந்த 11 அளவுகளை எங்காவது எழுதி வைத்தீர்களா? இல்லையென்றால் எனக்கு வருத்தம்.

இப்போதைய செயலிகளில் வேறொரு வழி வந்திருக்கிறது. 1984 இல் இத்தாலியில் தொடங்கி, 2017 இல் கார்மின் நிறுவனம் வாங்கிய நேவியோனிக்ஸ் என்ற வரைபட நிறுவனம், படகில் போகிறவர்களின் சோனார் (ஒலியலையால் ஆழம் அளக்கும் கருவி) பதிவுகளைத் திரட்டி ஓர் அடி இடைவெளிக் கோடுகள் வரை வரைகிறது. நல்ல முறைதான், ஆனால் படகுகள் போன இடத்தில் மட்டும்தான் நல்ல முறை. கோடைகாலத்தில் எல்லாரும் சுற்றும் விரிகுடாவில் அந்தக் கோடுகள் உயிரோட்டமாக இருக்கும். யாருமே போகாத மூலையில் பழைய அளவீட்டின் மேல் கணினி போர்த்திய போர்வைதான் இருக்கும். திரையில் இரண்டும் ஒரே அழகோடு தெரியும். எனவே கட்டணம் செலுத்தினால் துல்லியமாக இருக்குமா என்பதற்குப் பதில், உங்கள் ஏரியில், அதுவும் அந்தக் குறிப்பிட்ட மேட்டின்மேல், யாராவது படகோட்டி அளந்திருக்கிறார்களா என்பதைப் பொறுத்தது. கோடுகள் நெளிவும் சுளிவுமாக, சின்னச் சின்னக் குழிகளோடு இருந்தால் உண்மையான அளவுகள் இருக்கின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். மாவுக்கோலம் போல வழுவழுவென்று வளைந்திருந்தால் அது ஊகமாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மேடு வளையம் வளையமாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுத்தது கைபேசி. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜிபிஎஸ் சராசரியாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லும் என்று அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம் குறிப்பிடுகிறது. உறைந்த ஏரியைவிடத் திறந்த வானம் எங்கே இருக்கிறது? அதனால் கைபேசி உங்களைப் பெரிதாக ஏமாற்றியிருக்காது. ஆனால் 14 அடி ஆழம்வரை எழுந்து வரும் ஒரு மேட்டின் உச்சி, ஒரு வீட்டு முற்றம் அளவே இருக்கலாம். வரைபடமே இருபது மீட்டர் நகர்ந்திருந்தால், கைபேசி எவ்வளவு சரியாகச் சொன்னாலும் நீங்கள் நிற்பது சரிவில்தான்.

வரைபடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அசையாத ஓர் இடத்தில் போய் நில்லுங்கள்: படகுத்துறையின் நுனி, தீவின் முனை, கரையோரப் பெரிய பாறை. இரண்டு நிமிடம் அசையாமல் நின்று நீலப் புள்ளி அமைதியானதும், அது வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான் போகும் ஏரியில் பழைய தாள் வரைபடத்தைக் கணினியில் ஏற்றியபோது முழு ஏரியும் கிழக்கே 25 தப்படி தள்ளிப்போய்விட்டது. துறையின் நுனியில் நான் நின்றால், வரைபடம் என்னைத் தண்ணீருக்கு நடுவில் காட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு, எந்த இடத்துக்குப் போனாலும் 25 தப்படி மேற்கே நடந்துவிட்டுத்தான் முதல் துளை.

இனி தேடும் முறை. புள்ளியைச் சுற்றிச் சுற்றி 11 துளைகள் போட்டதுதான் உங்களை அங்கேயே கட்டிப்போட்டது. அடுத்த முறை ஒரே நேர்கோட்டில் போங்கள். பத்துத் தப்படிக்கு ஒரு துளை. 30, 29, 26, 22 என்று குறைந்துகொண்டே வந்தால் அதே திசையில் தொடருங்கள். மறுபடி கூடத் தொடங்கினால், கடைசியாகக் குறைவாக இருந்த துளைக்குத் திரும்பி, அங்கிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு போடுங்கள். பெரும்பாலும் எட்டு, ஒன்பது துளைகளில் உச்சி கிடைத்துவிடும். உங்களிடமே 26 அடித் துளையும் 22 அடித் துளையும் இருந்தன. எது எந்தப் பக்கம் என்று நினைவிருந்தால், மேடு எங்கே என்று அந்த இரண்டுமே விரல் நீட்டிக் காட்டியிருக்கும்.

சோனார் வைத்திருந்தால் துளையே போடாமலும் அளக்கலாம். பருவத் தொடக்கத்தில் பனிக்கட்டி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போது, மேலே இருக்கும் பனியை ஒதுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை, அதாவது ஒலியை அனுப்பிப் பெறும் சோனாரின் உறுப்பை, அழுத்தி வைத்தால் அடி தெரியும். காற்றுக்குமிழ் நிறைந்த வெள்ளைப் பனிக்கட்டியில் இது நடக்காது.

மேட்டைக் கண்டதும் உச்சியிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பெர்ச் மீன்கள் மேட்டின் அடிவாரத்தில், சரிவு முடிந்து சேற்றுத் தரை தொடங்கும் இடத்தில் திரியும். வாலாய் மீனுக்கு மங்கிய ஒளியில் பார்வை கூர்மை. வெளிச்சம் சாயும் நேரத்தில் அது இரை தேடி மேலே ஏறி வரும். அதனால் எனக்கு வரைபடத்தில் முக்கியம் 14 என்ற எண் அல்ல. கோடுகள் எந்தப் பக்கம் நெருங்கி நிற்கின்றன, எந்தப் பக்கம் அகன்று படுக்கின்றன என்பதைத்தான் பார்ப்பேன். நெருங்கிய பக்கம் செங்குத்து, அகன்ற பக்கம் சாய்வு. இரண்டும் சந்திக்கும் மூலையில் மாலை மூன்று மணிக்கு நான் தயாராக இருப்பேன்.

ஆழமானி எழுதியது:

கடப்பாரை ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை அப்படியே ஏற்கிறேன். நீர்நிலைகளை அளப்பது என் தொழில் என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஓர் இடத்தில் மறுக்கவும் வேண்டியிருக்கிறது.

பழைய வரைபடங்களை ஊகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றில் கோடுகள்தான் ஊகம், தனித்தனியாக எழுதியிருக்கும் எண்கள் ஊகம் அல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் நூலை இறக்கி அடியைத் தொட்டிருக்கிறார். நகர்ந்திருப்பது வரைபடத்தின் இருப்பிடமே தவிர ஆழம் அல்ல. அமெரிக்காவில் பல மாநில அரசுகள் இவற்றை இலவசமாகவே வழங்குகின்றன. மினசோட்டா இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் தளத்தில் ஏரியின் பெயரைக் கொடுத்தால் ஆழ வரைபடமும், எந்த ஆண்டு எந்த மீன்கள் கணக்கெடுக்கப்பட்டன என்ற விவரமும் கிடைக்கும். நான் எப்போதும் செயலியின் கோடுகளையும் அரசு வரைபடத்தின் எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து துளையிடலாம்.

இரண்டாவது, நீர்மட்டம். வரைபடத்தின் ஆழம் ஏதோ ஒரு நாளின் நீர்மட்டத்திலிருந்து அளந்தது. இயற்கையான ஏரியில் வேறுபாடு ஓரிரு அடிக்குள் இருக்கலாம். அணைகட்டிய நீர்த்தேக்கமாக இருந்தால், குளிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிடும்போது பல அடிகள் இறங்கும். ஆழக் கணக்கு தவறுவதோடு, கரையோரத்தில் பனிக்கட்டி தாங்க ஏதுமின்றித் தொங்கிக்கொண்டும் நிற்கும். அத்தகைய ஏரியில் வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே இன்றைய நீர்மட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, அளவு முறை. உங்கள் இரண்டு செயலிகளும் ஒரே அலகில்தான் காட்டுகின்றனவா? ஒன்று மீட்டரிலும் மற்றது அடியிலும் காட்ட, எட்டு என்ற எண்ணை அடி என்று நினைத்து 26 அடி ஆழத்தில் தூண்டில் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, திசை காட்டும் அம்பு. நீங்கள் நடக்கும்போது ஜிபிஎஸ் உங்கள் நகர்விலிருந்து திசையைக் கணக்கிடும். நின்றுவிட்டால் கைபேசி தன் காந்தமானியைத்தான் நம்பும். பக்கத்தில் மோட்டார் வைத்த துளைக்கருவியோ, காந்த மூடி போட்ட கைபேசி உறையோ இருந்தால் அது எங்கேயாவது காட்டும். நின்ற இடத்தில் அம்பைப் பார்த்துத் திரும்பாதீர்கள். பத்து அடி நடந்துவிட்டுப் பாருங்கள்.

இணைப்பு இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது செயற்கைக்கோள்களிலிருந்து கேட்பது மட்டும்தான், எதையும் அனுப்புவதில்லை. கைபேசிக் கோபுரம் இல்லாவிட்டாலும் இருப்பிடம் தெரியும், முதன்முறை பிடிப்பதற்கு மட்டும் சற்று நேரமாகும். காணாமல் போவது வரைபடப் படம்தான். எனவே முந்தைய இரவு வீட்டில் ஏரி முழுவதையும் மிக நெருக்கமான அளவு வரை பதிவிறக்கி, விமானப் பயன்முறையில் போட்டு, உங்கள் மேட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் கோடுகள் தெரிந்தால் போதும். ஏரியிலும் விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள். கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியின் பாதி போய்விடும்.

கடைசியாக, பலரும் பயன்படுத்தாத ஒன்று. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாள்களுக்கு ஒருமுறை அதே ஏரியை 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கின்றன. படங்கள் இலவசம். ஏரி உறையத் தொடங்கும் வாரங்களில், மேகம் இல்லாத நாள்களின் படங்களை வரிசையாகப் பார்த்தால் எந்தப் பகுதி முதலில் வெள்ளையாயிற்று, எது கடைசிவரை கறுப்பாகவே இருந்தது என்று தெரியும். கடைசியாக உறைந்த இடம் பனி மூடிய பிறகு கண்ணுக்கு மற்ற இடம் போலவே இருக்கும். தடிமன் அப்படி இருக்காது.

முதல்பனி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கரையோரம் அவர்களுக்கு: கரையிலிருந்து முதல் ஐம்பது மீட்டருக்குள் இரண்டு முறை அளந்தேன், ஏழு அங்குலம் இருந்தது. அதன் பிறகு மேட்டில் துளையிடும்வரை அளக்கவில்லை. மற்றவர்கள் நடந்த தடம் இருந்ததால் தைரியமாகப் போய்விட்டேன். ஆம், வீட்டுக்கு வந்ததும் கைபேசி 41 விழுக்காடு காட்டியது.

அலகைச் சரிபார்த்தேன், இரண்டும் அடிதான். 11 அளவுகளையும் எழுதி வைக்கவில்லை, கடப்பாரை ஐயா மன்னிக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். கைபேசியோடு இணையும் சிறிய பந்து வடிவச் சோனார்களைத் துளைக்குள் மிதக்கவிடலாம் என்கிறார்களே, அது போதுமா? நான் குறித்து வைக்கும் இடங்கள் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமா? திரும்பி வருவதற்குச் செயலியில் 'தொடங்கிய இடத்துக்கு வழி' என்று ஒன்று இருக்கிறது, அடுத்த முறை அதைப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

கடப்பாரை எழுதியது:

தம்பி, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் அதற்கே பதில்.

எட்டுக் குளிர்காலங்களுக்கு முன்பு, பருவம் முடியும் நேரம். நானும் நண்பர் ஒருவரும் காலையில் கரையோரமாகவே ஒரு முனையைச் சுற்றிக்கொண்டு போனோம். மாலையில் காற்று எழுந்து பனி பறக்கத் தொடங்கியது, கரை தெரியவில்லை. நண்பர் கைபேசியை எடுத்து, தொடங்கிய இடத்துக்கு வழி கேட்டார். அது எங்கள் காலடியிலிருந்து வண்டி நின்ற இடத்துக்கு ஒரு நேர்கோடு இழுத்துக் காட்டியது. 900 மீட்டர், காலையில் வந்ததில் பாதி. அந்தக் கோடு ஓடை வந்து ஏரியில் விழும் வாயை வெட்டிக்கொண்டு போகிறது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் திரையைப் பார்த்தபடி முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால். ஒரு சத்தமும் இல்லை. இருந்தார், அடுத்த நொடி மார்பளவு தண்ணீரில் இருந்தார்.

கழுத்தில் கூர்முனைப் பிடிகள் இரண்டையும் மாட்டியிருந்ததால் அவர் இன்று இருக்கிறார். வந்த பக்கமே திரும்பி, பிடிகளைப் பனிக்கட்டியில் குத்தி, நீந்துவது போலக் கால்களை உதைத்து மேலே வந்தார். எழுந்து நிற்காமல் உருண்டே என்னிடம் வந்து சேர்ந்தார். நான் கிட்டே போகாமல் படுத்துக்கொண்டு கயிற்றை எறிந்தேன். கைபேசி ஏரியின் அடியில் கிடக்கிறது. அன்றிலிருந்து கையில் கடப்பாரை இல்லாமல் நான் பனிக்கட்டியில் கால் வைப்பதில்லை. இங்கே என் பெயரும் அதனால் வந்ததுதான்.

எனவே, திரும்புவதற்கு நேர்கோட்டைக் கேட்காதீர்கள். காலையில் கிளம்பும்போதே செயலியில் தடப்பதிவைத் தொடங்கிவிடுங்கள். நீங்கள் அளந்து அளந்து நடந்த பாதை அதில் வளைந்து நெளிந்து இருக்கும். அந்த வளைவு வழியாகவே திரும்புங்கள். கைபேசி அணைந்துபோனால் என்ன செய்வது என்று, கழுத்தில் ஒரு சாதாரணத் திசைகாட்டியும் இருக்கட்டும்.

வரைபடத்தை மீனுக்காகப் படிப்பதற்கு முன் பனிக்கட்டிக்காக ஒருமுறை படியுங்கள். ஓடை வந்து சேரும் இடம், தண்ணீர் வெளியேறும் இடம், இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே இடுங்கிய கழுத்து, பாலத்தின் அடி, தீவுகளுக்கு இடைப்பட்ட வாய்க்கால். இங்கெல்லாம் அடியில் நீரோட்டம் இருக்கும், பனிக்கட்டி மெலிந்திருக்கும். அந்த இடங்களை நான் என் செயலியில் சிவப்புக் குறிகளாக வைத்திருக்கிறேன். மீன் குறிகளைவிட அவை அதிகம். நடப்பதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலமாவது வேண்டும், வெள்ளைப் பனிக்கட்டியானால் அதைப் போல இரு மடங்கு என்கிறது மினசோட்டா இயற்கை வளத் துறை. எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பானதல்ல என்றும் அதோடு சேர்த்தே சொல்கிறது. மற்றவர்களின் தடம் இருந்தது என்றீர்கள். அது எந்த நாள் தடம்?

பந்துச் சோனார் பற்றி: லித்துவேனியாவில் உருவான டீப்பர் போன்றவை துளைக்குள் நன்றாகவே வேலை செய்கின்றன. பனிக்கட்டிக்கென்றே தனிப் பயன்முறையும் உண்டு. ஆனால் பார்க்கும் நேரமெல்லாம் கைபேசித் திரை எரிய வேண்டும், கையுறையைக் கழற்ற வேண்டும், பேட்டரி கரையும். கூடாரத்துக்குள் ஒரே இடத்தில் உட்காருவதற்குப் பொருத்தம். துளைக்குத் துளை நடந்து தேடுவதற்குத் தனித் திரை உள்ள சோனார்தான் என் தேர்வு. அதற்கு முன்பு உங்கள் ஈயக்குண்டு நூலே போதும், அதற்கு மின்னேற்றம் தேவையில்லை.

இடங்கள் வெளியே தெரிவது பற்றி: செயலிகளில் பகிர்வு எங்கே இருக்கிறது என்று அமைப்புகளுக்குள் போய் முதல் நாளே பாருங்கள். பிடித்த மீனின் படத்தைப் பதிவேற்றினால் அதோடு இருப்பிடமும் போகலாம். ஆழப் பதிவுகளைப் பகிர்வதை நான் நிறுத்தவில்லை, எல்லாருடைய வரைபடமும் அதனால்தான் நன்றாகிறது. மீன் கிடைத்த துளையை மட்டும் எனக்குள் வைத்துக்கொள்கிறேன்.

முதல்பனி எழுதியது:

சனிக்கிழமை போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

முதல் வேலையாகப் படகுத்துறையின் நுனியில் நின்றேன். நீலப் புள்ளி துறைக்குத் தெற்கே தண்ணீரில் விழுந்தது. தப்படி போட்டு அளந்தேன், 19 வந்தது. ஆக என் வரைபடம் முழுவதும் வடக்கே இருக்க வேண்டியதைத் தெற்கே காட்டுகிறதா, அல்லது மாறாகவா என்று குழம்பி, அங்கேயே நின்று பனியில் குச்சியால் படம் போட்டுப் பார்த்தேன். துறையின் நுனியில் நிற்கும் என்னைத் துறைக்குத் தெற்கே காட்டுகிறது என்றால், வரைபடத்தில் துறை வடக்கே நகர்ந்திருக்கிறது. அப்படியானால் மேடும் வடக்கே நகர்ந்திருக்கும். உண்மையான மேடு தெற்கே 19 தப்படி.

இம்முறை நாற்பது தப்படிக்கு ஒருமுறை பனிக்கட்டியை அளந்துகொண்டே போனேன். ஏழு, ஏழு, ஏழரை, ஏழு. இரண்டு விரிகுடாக்களுக்கு நடுவே உள்ள கழுத்தை அன்று என்னையறியாமலே ஒட்டி நடந்திருக்கிறேன் என்று வரைபடத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் போகாமல், தள்ளி நின்று, கடப்பாரையை நீட்டிக் குத்தினேன். இரண்டாவது குத்திலேயே தண்ணீர் வந்தது. இரண்டரை அங்குலம். போன ஞாயிறு நான் பின்பற்றிய தடம் அதிலிருந்து இருபதடிகூடத் தள்ளியில்லை. சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு செயலியில் என் முதல் சிவப்புக் குறியை வைத்தேன்.

மேட்டில் ஒரே கோட்டில் தெற்கு நோக்கித் துளையிட்டேன். 27, 24, 21, 18, ஐந்தாவது 17, ஆறாவது மறுபடி 20. ஐந்தாவதுக்குத் திரும்பி, மேற்கே திரும்பினேன். ஏழாவது துளையில் நூல் 14 அடியில் தளர்ந்தது. இரண்டு முறை தூக்கி இறக்கிப் பார்த்தேன், பதினான்குதான். அந்த எண்ணை யாரோ ஒருவர் எப்போதோ இதே இடத்தில் நின்று எழுதியிருக்கிறார் என்று தோன்றியது.

உச்சியில் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு 24 அடித் துளைக்குப் போனேன், இரண்டு பெர்ச். வெளிச்சம் சாய்ந்ததும் 17 அடித் துளைக்கு வந்தேன். வாலாய் ஒன்று இழுத்தது, துளையின் வாய்வரை வந்து நழுவிவிட்டது. தலையை மட்டும் பார்த்தேன். தடப்பதிவைப் பின்பற்றித் திரும்பினேன். கரையில் கைபேசி 63 விழுக்காடு.

கடப்பாரை எழுதியது:

நன்றாகச் செய்தீர்கள், தம்பி. ஆறாவது துளையின் 20 அடியையும் குறித்து வைத்தீர்களா? அந்தப் பக்கம் சரிவு எவ்வளவு செங்குத்து என்று சொல்வது அதுதான். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இன்னொரு துளை போட்டு, அடுத்த வாரம் மாலை அங்கே உட்காருங்கள். அதற்கு முன் அந்தக் கழுத்தை மறுபடி, தள்ளி நின்றே, அளந்துவிட்டு எண்ணை இங்கே எழுதுங்கள்.